ஏழைத் தாண்டி எண்ணும் விளையாட்டு

எண் விளையாட்டு என்றவுடன் நம் வர்த்தகச் சகோதரர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். இந்நாட்டில் ‘நம்பர்’ என்றால் நாலு நம்பர் கடையின் நினைப்புத்தான் முதலில் வருகிறது. நாம் எழுத வந்தது அதைப் பற்றியன்று. பணயம் வைத்து ஆடுவது சூது. அது நமக்கு விலக்கப்பட்டது. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. இங்கே சொல்லப்போவது காசும் வேண்டாத, பலகையும் வேண்டாத, வட்டமாக உட்கார்ந்து வாயால் எண்ணுகிற விளையாட்டு. தலைப்பைப் பார்த்துவிட்டு, ஏழை எளியவரைத் தாண்டிப் போகச் சொல்கிறோமோ என்றும் யாரும் பயப்பட வேண்டாம். தாண்டுவது ஏழு என்ற எண்ணை மட்டுமே.

இதை எழுதக் காரணம் உண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் கடைக்கு வந்து நிற்கிறார்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்ஃபீல்ட்ஸிலும் இந்தக் காட்சியைப் பார்க்கிறோம். வாடிக்கைக்காரர் 36 ரிங்கிட் 40 சென்னுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு 50 ரிங்கிட் தாளை நீட்டினால், பிள்ளையின் கண் உடனே இயந்திரத்தைத் தேடுகிறது. பெரியவரோ தாளை வாங்கும்போதே மீதி 13 ரிங்கிட் 60 சென்னை விரலிடுக்கில் வைத்திருக்கிறார். இதற்காகப் பிள்ளைகளைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர்கள் பள்ளியில் போடும் கணக்குகளில் பாதி நமக்குப் புரியாது. ஆனால் எண்ணைக் காதால் கேட்டு, மனத்தில் நிறுத்தி, வாயால் திருப்பிச் சொல்லும் பழக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்கு அது கிடைத்தது. யாரோ உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்ததால் கிடைத்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் பாட்டன்மார் படித்த எண்சுவடி முழுவதும் கூட்டாகச் சொல்லும் பாடமே. ஒரு பையன் முன்னால் நின்று சொல்வான். மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று வரிசை வரிசையாக மனத்தில் ஏறும். கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒரு பங்கு வரையில் சாதாரணப் பிள்ளைகளுக்கும் தண்ணீர்பட்ட பாடு. அதற்கும் கீழே 320இல் ஒரு பங்கான முந்திரி வரை இறங்குவார்கள். இந்த முறையை ஆராய்ந்து செந்தில் பாபு என்பவர் எழுதிய ஆங்கில நூல் ஒன்று 2022இல் வெளிவந்திருக்கிறது. வெறும் மனப்பாடம் என்று நாம் ஒதுக்கிவிடும் இந்தப் பயிற்சியில் எத்தனை யோசனை அடங்கியிருந்தது என்பதை அதில் காணலாம். அந்தப் பாடத்தோடு கப்பலேறியவர்களுக்கு இந்நாட்டு நிறுவை புதிதாகத் தோன்றியிருக்காது. 16 தாஹில் கொண்டது ஒரு கட்டி. அப்படியானால் ஒரு தாஹில் என்பது கட்டியில் வீசம். ஊரில் படித்த வாய்பாடு இங்கே தராசில் அப்படியே உட்கார்ந்தது. 1972இல் எடையளவுச் சட்டம் வந்து, பின்பு கிலோ வழக்கத்துக்கு வந்தபோது அந்தச் சௌகரியம் போயிற்று.

எண்சுவடியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அது நடக்காது, நடக்க வேண்டிய அவசியமுமில்லை. ஆனால் கூட்டாக உட்கார்ந்து எண்ணும் வழக்கத்தை விளையாட்டாக மீட்கலாம்.

விளையாட்டின் விதி ஒரே வரிதான். வட்டமாக உட்கார்ந்தவர்கள் ஒன்று முதல் வரிசையாக ஆளுக்கு ஓர் எண் சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஏழால் வகுபடும் எண்ணோ, ஏழு என்ற இலக்கம் உள்ள எண்ணோ வந்தால், அதை வாயால் சொல்லக்கூடாது. அதற்குப் பதில் வேறொரு சொல்லைச் சொல்ல வேண்டும். சீனப் பிள்ளைகளும் இதே விளையாட்டை ஆடுகிறார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் ‘பஸ்’ என்று வண்டு போல் இரைவார்கள். நம் கடைப் பையன்கள் கண்டுபிடித்திருக்கும் சொல் ‘கடன்’. சொல்லும் எண்ணெல்லாம் ரொக்கம். சொல்லாமல் தாண்டுவது கடன். இதைவிடப் பொருத்தமான சொல்லை நம்மால் யோசிக்க முடியவில்லை. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, கடன், எட்டு என்று போகும். 14 கடன். 17 கடன். 21 கடன். 27ம் கடன், அடுத்து வரும் 28ம் கடன்.

சொல்லும்போது இது குழந்தை விளையாட்டாகத் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டுக் கூடத்தில் சிறுவர்களோடு நாமும் உட்கார்ந்தோம். நம்மிடையே நாற்பது வருஷம் மொத்த வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். “இதென்ன பெரிய விளையாட்டு?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், 28இல் மாட்டிக்கொண்டார். முன்னால் இருந்த பையன் 27க்குக் கடன் என்றதும், ஒரு கடன் கழிந்துவிட்டது என்ற நிம்மதியில் “இருபத்தெட்டு” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டார். பையன்கள் குதித்தார்கள். “கடன் தொடர்ந்து வரும் பெரியத்தா, ஒன்றோடு நிற்காது” என்றான் ஒருவன். அவர் நாற்பது வருஷமாக அறிந்த விஷயம்தான் அது.

தவறியவரை வட்டத்திலிருந்து எழுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். அதில் நமக்குச் சம்மதமில்லை. எழுந்து போகிறவர் யார்? பயிற்சி அதிகம் வேண்டியவர். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் யார்? பயிற்சியே வேண்டாதவர். அது தலைகீழ் நியாயம். தவறியவர் ‘ஒன்று’ என்று மறுபடி ஆரம்பிக்கட்டும். எல்லோரும் சேர்ந்து எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்க்கலாம். முதல் நாள் 28, மறுநாள் 57, ஒரு வாரத்தில் நூறு. இப்படி ஆடினால் தோற்பவர் ஒருவர் என்பது கிடையாது. பக்கத்திலிருப்பவர் தவறாமல் இருக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் கவலை வந்துவிடுகிறது.

தவறு எங்கே நேருகிறது என்பதைக் கவனித்தால் சுவையாக இருக்கும். இரண்டு விதமான கண்ணிகள் உள்ளன. ஒன்று காதின் கண்ணி. மற்றது கணக்கின் கண்ணி. 14, 21, 28, 56 போன்ற எண்களில் ஏழின் சத்தமே கிடையாது; வாய்பாடு தெரிந்திருந்தால்தான் தப்ப முடியும். 37, 47 போன்றவற்றில் வாய்பாடு உதவாது. சத்தத்தைக் கவனிக்க வேண்டும். இதில் தமிழ் எண்ணுப்பெயர்கள் நம்மை ஏமாற்றும் விதம் தனி. ‘முப்பத்து’ என்று வாய் பாதி சொல்லி முடித்த பிறகுதான் ‘ஏழு’ வருகிறது. அதற்குள் நிறுத்த முடியாமல் முழுவதும் வெளியே வந்துவிடும். மலாயிலும் இதே வரிசைதான். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அரபியில் எண்ணிப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுகளின் இலக்கம் முன்னால் வந்து, பத்துகள் பின்னால் வருகின்றன. இருபத்தேழைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே ‘ஸப்அ’ என்று ஏழு நாக்கில் வந்து நிற்பதால், பையன் உடனே விழித்துக்கொள்கிறான். ஒரே விளையாட்டு மொழிக்கு மொழி வேறு இடத்தில் கஷ்டமாகிறது.

இன்னொன்றையும் பார்த்தோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எழுபதும் எண்பதும் குழம்புகின்றன. தொண்ணூறு என்ற சொல் வந்ததும் ஒரு கணம் திகைக்கிறார்கள். எண்பதுக்குப் பின் ‘ஒன்பது’ என்ற சத்தத்தில் ஏதோ வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பிள்ளைக்குத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று தெரிவதில்லை. பத்துக்கு ஒன்று குறைந்தது, நூறுக்குப் பத்துக் குறைந்தது என்ற எண்ணத்தில் பிறந்த சொற்கள் இவை என்று விளக்கினால் பளிச்சென்று பிடித்துக்கொள்கிறார்கள். மலாயில் ‘செம்பிலான்’ என்ற ஒன்பதும் அதே விதம்தான். பத்தில் ஒன்று எடுக்கப்பட்டது என்பதே அதன் பிறப்பு. இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு மலாய்ச் சிறுவனுக்கும் சந்தோஷம்.

எத்தனை பேர் உட்காரலாம் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏழு பேர் உட்கார்ந்தால் விளையாட்டுக் கெட்டுப்போகும். ஏழின் பெருக்கங்கள் எல்லாம் ஏழாவது ஆள் தலையிலேயே விழும், மற்றவர்கள் கவலையின்றி இருப்பார்கள். பதினான்கு பேரானால் இருவர் தலையில். பத்துப் பேரும் அவ்வளவு நல்லதல்ல. 17, 27, 37 எல்லாம் ஏழாவது ஆளுக்கே வரும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் 7 ஏழாமவருக்கும், 14 ஆறாமவருக்கும், 21 ஐந்தாமவருக்கும் என்று ஒவ்வொரு இடமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒன்பது பேர் உட்கார்ந்தால் 63ஐ எட்டுவதற்குள் ஏழின் பெருக்கம் ஆளுக்கு ஒன்று என்று சரியாகப் பங்காகிவிடும். ஆகவே எட்டோ ஒன்பதோ நலம். ஆள் கணக்கு ஒத்துவராவிட்டால், யாராவது ‘கடன்’ என்றதும் எண்ணிக்கை வந்த வழியே திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இடக்கணக்கு யாருக்கும் உதவாது.

நூறு வரையில் எத்தனை கடன், எத்தனை ரொக்கம் என்று பிள்ளைகளையே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். ஏழின் பெருக்கங்கள் 14. ஏழு என்ற இலக்கம் உள்ளவை 19. எழுபதுகள் பத்தும், மற்றப் பத்துகளில் ஒவ்வொன்றுமாக ஒன்பதும். இரண்டையும் கூட்டினால் 33 வரும், ஆனால் 7, 70, 77 ஆகிய மூன்றும் இரண்டு கணக்கிலும் ஏறிவிட்டன, ஆகவே 30. நூற்றுக்கு முப்பது கடன், எழுபது ரொக்கம். நம் கடைகளில் இந்த விகிதம் நின்றால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லலாம். 69க்குப் பிறகு பத்துப் பேர் தொடர்ந்து ‘கடன், கடன்’ என்று சொல்லிக்கொண்டு போக, பதினோராமவர் மறக்காமல் ‘எண்பது’ என்று பிடிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வட்டங்கள் கவிழ்கின்றன. ஒரே பொருளை இரண்டு பேரேட்டில் ஏற்றிவிட்டுச் சரக்கு இருப்பைக் கூட்டிக் காட்டும் தவறு எதுவென்று பையனுக்கு விளக்க, அந்த மூன்று எண்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஏழு என்ற எண்ணோடு இந்த வட்டாரத்துக்கு நெருக்கம் அதிகம். நம் பல்லாங்குழிக்கு ஒரு பக்கம் ஏழு குழி. மலாய்க்காரரின் சொங்காக்கிலும் பெரும்பாலும் பக்கத்துக்கு ஏழு குழிதான். இரு கோடியிலும் ஒரு களஞ்சியக்குழி கூடுதல். குழிக்கு ஏழு காய் வைத்து ஆட்டம் தொடங்கினால் மொத்தம் 98 காய்கள். நூறுக்குள் ஏழின் கடைசிப் பெருக்கம் அது. 1989இல் வெளிவந்த 10 சென் நாணயத்தின் பின்புறத்தில் அந்தச் சொங்காக் பலகைதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்றும் நம் கல்லாவில் அந்த நாணயம் வந்து விழுகிறது. எத்தனை பேர் திருப்பிப் பார்த்திருப்போம்?

ஏழு விளையாட்டு பழகிவிட்டால் அடுத்தது ‘இருவர் கூட்டு’. முதலாமவர் 1 என்பார். இரண்டாமவரும் 1 என்பார். அதன்பின் ஒவ்வொருவரும் தமக்கு முன் சொன்ன இருவரின் எண்களையும் கூட்டிச் சொல்ல வேண்டும். 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144 என்று போகும். ஏழு விளையாட்டில் தம் முறை வரும்வரை கனவு கண்டுகொண்டிருக்கலாம், இதில் முடியாது. பக்கத்தில் இருவர் என்ன சொன்னார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மேலும் ஏழு விளையாட்டில் ஒருவர் தவறினால் அது அவரோடு நின்றுவிடும். இதில் 34ஐ ஒருவர் 35 என்றால், பிறகு வருகிறவர்கள் எல்லோரும் சரியாகக் கூட்டியும் எல்லோர் விடையும் தவறாகும். பேரேட்டில் ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது நேரும் தவறு இப்படிப்பட்டதுதான். கணக்கப்பிள்ளையிடம் பையனை விடுமுன் இந்த விளையாட்டை நான்கு நாள் ஆடவிட்டால் நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

இந்த எண்வரிசையின் பின்னால் ஒரு வியாபாரி மகனின் கதை உண்டு. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். இத்தாலியில் பைசா நகரத்துக்காரர் லியோனார்டோ. பிற்காலத்தார் ஃபிபொனாச்சி என்றழைத்தனர். அவர் தந்தை, இன்று அல்ஜீரியாவில் உள்ள பூஜியா துறைமுகத்தில், பைசா வர்த்தகர்களுக்காகச் சுங்கச் சாவடியில் அலுவல் பார்த்தார். மகனை அங்கே வரவழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். இந்தியாவில் பிறந்து, அரபு நாடுகளில் வளர்ந்த ஒன்பது இலக்கங்களையும் சுழியத்தையும் பையன் அந்த முஸ்லிம் துறைமுகத்தில் கற்றுக்கொண்டார். பிறகு எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி என்று வியாபார ஊர்களில் சுற்றி, 1202இல் ஒரு பெரிய கணித நூல் எழுதினார். சரக்கு விலை, கூட்டு வியாபார லாபப் பங்கு, நாணய மாற்று ஆகியவற்றுக்கான கணக்குகள் அதில் நிறைய. முயல்கள் பெருகுவதைப் பற்றிய ஒரு சிறு கணக்கில்தான் மேற்படி 1, 2, 3, 5, 8 வருகிறது. ஆனால் அதற்கு முன்பே இந்தியாவில் யாப்பிலக்கணக்காரர்கள் இந்த வரிசையை அறிந்திருந்தனர். குறில் நெடில்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிய விரஹாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் ஏற்றுமதிச் சரக்கைப் போல் எண்ணும் துறைமுகம் துறைமுகமாக வந்திருக்கிறது.

பெரியவர்கள் பிள்ளைகளிடம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்ட விரும்பினால் ஒரு வழி சொல்கிறோம். பத்துப் பேரை உட்கார வைத்து, முதல் இருவரை இஷ்டமான எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். 4, 7 என்று ஆரம்பித்தார்கள் என்று வையுங்கள். 11, 18, 29, 47, 76, 123, 199, 322 என்று பத்தாமவர் வரை போகும். ஏழாமவர் வாயைத் திறந்தவுடனே பத்து எண்களின் மொத்தக் கூட்டுத்தொகையை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்துவிடலாம்: 836. ஏழாமவர் சொன்ன 76ஐ 11ஆல் பெருக்கினால் போதும். எந்த இரண்டு எண்ணில் ஆரம்பித்தாலும் இது தவறாது. பதினொன்றால் பெருக்குவதும் சுலபம். 7க்கும் 6க்கும் நடுவில் அவற்றின் கூட்டுத்தொகை 13ஐ வைத்து, மிகுந்த ஒன்றை இடப்பக்கம் ஏற்றிவிட்டால் 836. இதை நாம் செய்து காட்டியபோது, அதுவரை கைப்பேசியை விட்டுத் தலை நிமிராத ஒரு பிள்ளை, அதே கைப்பேசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, “எப்படி மாமா?” என்று நெருங்கி உட்கார்ந்தான்.

இரு அணியாகப் பிரிந்து ஆடுவதற்கு நூறு ஓட்டம் உண்டு. பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1612இல் வெளியிட்ட நூலில் உள்ளது. ஓர் அணி 1 முதல் 10க்குள் ஓர் எண் சொல்லும். எதிரணி அதோடு 1 முதல் 10க்குள் ஒன்றைக் கூட்டிச் சொல்லும். மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போய் நூறை முதலில் தொடுபவர் வென்றவர். நூறிலிருந்து பதினொன்று பதினொன்றாகக் கீழே இறங்கினால் இரகசியம் வெளிப்படும்: 89, 78, 67, 56, 45, 34, 23, 12, 1. இந்தப் படிகளைப் பிடித்தவரை யாராலும் அசைக்க முடியாது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டால், 40ஐ இலக்காக வைத்து, 1 முதல் 4 வரை கூட்டலாம் என்று மாற்றுங்கள். இப்போது முதலில் ஆரம்பிப்பவர் பாடு திண்டாட்டம். எதிரிலிருப்பவர் ஒவ்வொரு முறையும் ஐந்துக்கு நிரப்பிக்கொண்டே வந்தால் அவரே வெல்வார். எப்போது முந்துவது, எப்போது பிறரை முந்தவிடுவது என்று யோசிக்க வைக்கும் ஆட்டம்.

ஐந்து சென் ஆட்டத்தைக் கடையிலேயே ஆடலாம். 2008 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் ஒரு சென் நாணயம் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, ரொக்கம் கொடுக்கும் சிட்டையின் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 ஆனால் கீழே 0க்கு இறங்கும். 3, 4 ஆனால் மேலே 5க்கு ஏறும். 6, 7 ஆனால் 5க்கு இறங்கும். 8, 9 ஆனால் அடுத்த பத்துக்கு ஏறும். ஒருவர் ஒரு தொகை சொல்ல, அடுத்தவர் மாற்றிய தொகையைச் சொல்லி, தாமும் ஒரு தொகை சொல்ல வேண்டும். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கும்வரை இரண்டு பையன்கள் இதை ஆடிக்கொண்டு வந்ததைப் பார்த்தோம்.

ஒன்பதுக்கு வருவோம். வர்த்தகர்களுக்கு மிகவும் பிரயோஜனமானது இதுதான். ஓர் எண்ணின் இலக்கங்களை எல்லாம் கூட்ட வேண்டும். வந்த விடை இரண்டு இலக்கமானால் அதையும் கூட்டி ஓர் இலக்கமாக்க வேண்டும். 4,876 என்றால் 4, 8, 7, 6 சேர்ந்து 25, அது 7. ஒருவர் எண் சொல்ல, வட்டத்தில் அடுத்தவர் இப்படிச் சுருக்கிச் சொல்ல வேண்டும். ஒன்பதில் முடிந்தால் அந்த எண் ஒன்பதால் வகுபடும். பழைய அரபுக் கணித நூல்களிலும் இந்தியக் கணித நூல்களிலும் பெருக்கல் சரிதானா என்று சோதிக்க இந்த வழி உண்டு.

இதில் பேரேட்டுக்கு என்ன வேலை? எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால், உண்மைத் தொகைக்கும் எழுதிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 85ஐ 58 என்று எழுதினால், எட்டு பத்தாமிடத்திலிருந்து ஒன்றாமிடத்துக்கு இறங்கியதால் 72 குறைகிறது, ஐந்து மேலே ஏறியதால் 45 கூடுகிறது, இரண்டுமே ஒன்பதின் பெருக்கம், மிச்சம் 27. அந்த 27ஐ ஒன்பதால் வகுத்தால் 3. எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசமும் 3. ஆகவே வித்தியாசம் தெரிந்தாலே, எப்படிப்பட்ட எண்ணைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 36ஐ 360 என்று சுழியம் சேர்த்து எழுதிவிட்டால் வித்தியாசம் 324. ஒன்பதால் வகுத்தால் அந்த 36 அப்படியே எழுந்து நிற்கும். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும். அதைப் பாதியாக்கித் தேட வேண்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: எந்த எண்ணும் தற்செயலாகவே ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே இது தேடும் வழியைக் காட்டுமே ஒழிய, தீர்ப்புச் சொல்லாது.

கிள்ளானில் நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை. பெயர் வேண்டாம். இயந்திரம் இருந்தாலும், மொத்த வியாபாரச் சிட்டைகளைப் பேரேட்டில் கையால் ஏற்றுவது அங்கே வழக்கம். ஓர் இரவு கணக்கு முடிக்கையில் பேரேட்டைவிடக் கல்லாவில் 27 ரிங்கிட் குறைந்தது. தொகை பெரிதல்ல. ஆனால் கல்லாவில் அன்று உட்கார்ந்திருந்தவன் ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமான பையன். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை; கேட்காமல் இருந்ததே கேட்டதுபோல் இருந்தது. மற்ற வேலையாட்கள் சரக்கை அடுக்குவதுபோல் அங்கேயே நின்றார்கள். “நானா, நான் எடுக்கல்ல” என்றான் பையன், யாரும் கேட்காமலே. அப்படிச் சொன்னதில் சந்தேகம் குறைவதற்குப் பதில் கூடியது.

முதலாளியின் இளைய மகள் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “அத்தா, 27 ஒன்பதில் போகும். வகுத்தால் 3. மூன்று வித்தியாசமுள்ள இலக்கம் இடம் மாறியிருக்கான்னு பாருங்க” என்றாள். ஒன்பது விளையாட்டு அவளுக்குப் புதிதல்ல. 14, 25, 36, 47, 58, 69, அவற்றின் தலைகீழ் எண்கள் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். பேரேட்டில் அன்று அறுபதுக்கு மேற்பட்ட வரிகள். அந்த வகை எண் உள்ளவை நான்கே. நான்கு சிட்டைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது, வெங்காயமும் பூண்டும் எடுத்த ஓர் உணவுக்கடையின் சிட்டை: 58 ரிங்கிட். பேரேட்டில் 85. எழுத்து முதலாளியுடையது, இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில் எழுதியது.

அவர் சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 85ஐக் கோடிட்டு அடித்து, மேலே 58 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். பேரேட்டை மூடிப் பையனிடம் நீட்டி, “நாளையிலிருந்து நான் எழுதுறதை நீ ஒரு தடவை படிச்சுப் பார்த்திடு தம்பி” என்றார். பையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.